புதன்கிழமை பெஞ்சு

1962 ஜனவரி 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். ஜூன் மாதம் சேர்ப்பதற்கு இப்போதே பெயர் கொடுத்து வைக்க வேண்டுமாம். பெரிய டீச்சர் நல்ல மாதிரிதான். என் மகள் முப்பிடாதியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். பிள்ளை நின்றது. "அப்பா பேர்?" நின்றது. சாக்பீஸைக் காட்டி, "இது என்ன?" என்றார். அதற்கும் நின்றது. பயந்த பிள்ளை என்றால் என் முந்தானையைப் பிடிக்க வேண்டாமா? அதுவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

"ஊமைப் பிள்ளைகளுக்கு வேற ஸ்கூல் இருக்கும்மா. இங்க எழுபது பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி."

ஊமை இல்லை. அங்கேயும் சொன்னேன், யார் கேட்டார்கள்? இங்கே எழுதி வைக்கிறேன். போன தீபாவளி வரைக்கும் தாராவி முழுவதற்கும் கேட்கிற மாதிரிப் பேசின பிள்ளை. ஆறு வயதில் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து குழாயடிச் சண்டையைத் தீர்த்து வைப்பாள். தீபாவளி கழிந்து பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அதோடு பேச்சு நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

திரும்பி வரும்போது எதிர் வீட்டு நூர் நிஷா வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். "சேத்துக்கிட்டாங்களா அக்கா?" என்றாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே என் முகத்தில் பதில் இருந்திருக்கும். பிறகு எதற்குக் கேட்கிறாள்?

ஜனவரி 18, வியாழன்

சயான் ஆஸ்பத்திரி. விடிவதற்கு முன் வரிசையில் நின்று பதினொரு மணிக்கு உள்ளே போனோம். டாக்டர் பிள்ளைக்குப் பின்னால் நின்று மணி அடித்தார், காகிதத்தைக் கசக்கினார். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தாள். தொண்டையையும் பார்த்தார். "கான் டீக் ஹை. கலா டீக் ஹை. போல்தி க்யோன் நஹீ?" என்று என்னைக் கேட்கிறார். காதும் தொண்டையும் சரியாம், ஏன் பேசவில்லையாம். எனக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வருகிறேன்?

மலையாளத்து நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். செம்பூரில் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆலோசனை நிலையம் இருக்கிறதாம். புதன்கிழமை மட்டும் தமிழ் பேசுகிற ஒரு சார் வருவாராம். காசு கிடையாதாம். "பைத்தியத்துக்கா?" என்றேன். "அய்யோ அல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம், பிள்ளையின் அப்பாவிடம், சொன்னேன். "ஆலோசனை சொன்னா பிள்ளை பேசிருமா? ஊருக்குப் போயி கோயில்ல மணி கட்டுவோம்" என்றார். ஊருக்குப் போக லீவு இல்லை. தோல் கிடங்கில் இவரை மறுபடி எடுத்துக்கொண்டதே பெரிய காரியம்.

ஜனவரி 21, ஞாயிறு

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினேன். துப்பிவிட்டாள். எதிர் வாசலிலிருந்து நூர் நிஷா, "விட்டுருங்கக்கா, பிள்ளைக்கு எரியும்" என்கிறாள். எனக்குத் தெரியாதா என் பிள்ளைக்கு எது எரியும் என்று?

அவளைப் பார்த்தாலே எனக்கு ஏனோ ஆகாது. கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் சிராஜ் சயானில் தையல் கடையில் துணி வெட்டுகிற கட்டர். பத்துக்குப் பத்து கோலி, ஒரே அறைதான், எங்களுடையது மாதிரியே தகரமும் சாக்கும். ஆனால் அவள் தரை மட்டும் எப்படி மினுங்குகிறது? குழாயடியில் அவள் கடைசியில் வந்தாலும், "நீ பிடிச்சுக்கோ நூரு" என்று எல்லாரும் இடம் விடுகிறார்கள். நான் போனால் குடத்தைக் காலால் தள்ளுகிறார்கள். என் வாய் அப்படி என்பார்கள். இருக்கட்டும்.

ஜனவரி 24, புதன்

செம்பூர். ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம். வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ஒரு சிந்திக்காரி மகனோடு உட்கார்ந்திருந்தாள். பையனுக்குத் திக்குவாய். ம-ம-ம என்று முகம் சிவக்கச் சிவக்கத் திணறி, கடைசியில் "மம்மி" என்றான். அவள் சலித்துக்கொண்டு கர்சீப்பால் அவன் வாயைத் துடைத்தாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. எத்தனை தடவை திக்கினாலும் கடைசியில் அவளைத்தானே கூப்பிடுகிறான்!

சார் பெயர் மகாதேவன். மாதுங்காக்காரர், ஒல்லியாக, கண்ணாடி போட்டு. "உக்காருங்கோ, பயப்படாதேங்கோ" என்றார். ஒரு அறை நிறைய பொம்மை. முப்பிடாதி ஒரு மர வீட்டின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயாவது பேசறாளா? ஒரு வார்த்தை? பூனைகிட்டயாவது?"

"இல்ல சார்."

"பேச்சு நின்னுதே, அந்த வாரம் வீட்ல என்ன நடந்தது?"

"காய்ச்சல் சார்."

எழுதிக்கொண்டார். அவர் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதினது எங்கெங்கே போகும் என்று யார் கண்டது? வெளியே வரும்போது, "பேசு பேசுன்னு சொல்லாதேங்கோ. மிட்டாய் தரேன்னும் சொல்லாதேங்கோ" என்றார். பேசச் சொல்லாதே என்று சொல்லவா இரண்டு பஸ் மாறி வரச் சொன்னார்கள்?

ஜனவரி 29, திங்கள்

என்னத்தை எழுத.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு பாதியிலேயே திரும்பினேன். நூர் நிஷா வீட்டுச் சாக்குத் திரைக்கு உள்ளே ஒரு குரல். "சாச்சி, இந்தப் பொத்தானுக்கு மட்டும் ஏன் ரெண்டு கண்ணு? மத்ததுக்கெல்லாம் நாலு இருக்கே?"

என் பிள்ளை. என் பிள்ளையின் குரல். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, ஆனால் அதேதான்.

நூர் நிஷா என்னமோ சொன்னாள். பிள்ளை சிரித்தது.

நான் குடத்தோடு அங்கேயே நின்றேன். உள்ளே போகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? ஒரு தாய் சந்தோஷம்தானே படுவாள்? வீட்டுக்கு வந்து, விளக்கத் தேவையில்லாத குடத்தைப் புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

மத்தியானம் பிள்ளை வந்தது. வாயை மூடிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தது. "அங்கன என்னட்டி சாப்ட்ட?" என்றேன். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சாச்சியாம். அவர்கள் வீடுகளில் அம்மாவின் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவள் எனக்கு எந்த வழியில் தங்கச்சி?

ஜனவரி 30, செவ்வாய்

கேட்டுவிட்டேன். இவர் வேலைக்குப் போனதும் நேரே அவள் வாசலில் போய் நின்று, "எத்தனை நாளா நடக்கு இது?" என்றேன்.

கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். "மார்கழி மாசத்துல இருந்து பேசுது அக்கா. நூல் கோத்துக் குடுக்க வரும். ஒரு நாள் தானா..."

"பெத்தவ நான் ஒருத்தி இருக்கேனே, எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"சொல்ல வந்தேங்கக்கா. பிள்ளைதான், அம்மாட்டச் சொல்லிராதீங்கன்னு..."

போதும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டிக் கிடக்கு? அம்மாட்டச் சொல்லாதே! நான் பெத்த பிள்ளை, என்னைய ஒளிச்சு வச்சுட்டு இன்னொருத்திட்ட ரகசியம் பேசுது. பத்து மாசம் சுமந்தது அவளா நானா? பாலுக்கும் சோளக்கூழுக்கும் அலைஞ்சு வளத்தது அவளா நானா?

இனி அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

பிப்ரவரி 4, ஞாயிறு

எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறதாம், உலகம் அழியப் போகிறதாம். மாதுங்கா கோயிலில் நிற்க இடமில்லை. ஹோமப் புகையில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உலகத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் உலகத்துக்காக வேண்டவில்லை. அழிவதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கூப்பிடட்டும் என்று வேண்டினேன். அடுத்தது, வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்: நூர் நிஷா வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போகட்டும் என்று வேண்டினேன்.

பிப்ரவரி 7, புதன்

உலகம் அழியவில்லை. செம்பூர் போய் வந்தோம்.

மகாதேவன் சார் மறுபடியும் அதே கேள்வி. "நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. அக்கம்பக்கத்துல யாராவது?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அவளைக் கூட்டி வாருங்கள் என்பார். அவள் உள்ளே உட்காருவாள், பிள்ளை அவள் மடியில் சாய்ந்து பேசும், சார் அவளைப் பார்த்து, "நீங்க நன்னா வளக்கறேள்" என்பார். நான் யார்? பஸ்ஸில் கூட்டி வந்தவள்.

"ஒருத்தரும் இல்ல சார்" என்றேன்.

முப்பிடாதி பொம்மையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வது பொய் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

பிப்ரவரி 14, புதன்

போனோம், வந்தோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நோன்பு மாதம். ஒவ்வொரு வருஷமும் நூர் நிஷா சாயங்காலம் எங்கள் சந்து முழுவதற்கும் கஞ்சி கொடுத்துவிடுவாள். இந்த வருஷம் இத்தனைக்குப் பிறகும் செம்பில் மூடி கொண்டு வந்தாள். நானே வாங்கி, அவள் முதுகு திரும்பினதும் பின்னாலேயே போய் அவள் வாசலில் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டு, "என்ன கோமதி இது, நோம்புக் கஞ்சியைப் போயி..." என்று முகத்தைச் சுளித்தாள். யார் பார்த்தால் என்ன?

முப்பிடாதியும் பார்த்தாள். ராத்திரிச் சோறு தொடவில்லை. நாலு நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து எதிர் வீட்டுச் சாக்கையே பார்க்கிறாள். நூர் நிஷாவும் இப்போது வெளியே உட்காருவதில்லை, உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 28, புதன்

டாக்டர்களும் சாரும் சேர்ந்து பேசியிருக்கிறார்கள். மூன்றரை மாதமாக ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை இல்லை என்றால் இது வேறு மாதிரிக் கோளாறாக இருக்கலாமாம். பூனா பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம். பேச்சு வராத பிள்ளைகளும் புத்தி மந்தமான பிள்ளைகளும் அங்கேயே தங்கிப் படிக்கிறார்களாம். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்புவார்களாம். கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்.

"இது எனக்கும் இஷ்டமில்லை" என்றார் மகாதேவன் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு மனுஷாள்கிட்ட பேசறாள்னு தெரிஞ்சாப் போறும், நான் சண்டை போட்டு நிறுத்திடுவேன். யோசிங்கோ. பதினாலாம் தேதி வாங்கோ."

இவரிடம் தாளைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிப்பாவது வருமே" என்றார்.

பூனாவுக்கா? என் பிள்ளையையா?

மார்ச் 2, வெள்ளி

இந்த டைரி தோல் கிடங்கு முதலாளி கொடுத்தது. இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எட்டாவது வரைக்கும் படித்தவள் நான்தான். ஆகவே இதை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் எதற்குப் பொய்?

காய்ச்சல் இல்லை. காய்ச்சல் அதற்குப் பிறகு வந்தது.

இவருடைய சிநேகிதன் பூலோகம் கள்ளச்சாராயம் அடைத்த இரண்டு டயர் ட்யூப்பை எங்கள் பரணில் வைத்துவிட்டுப் போயிருந்தான், இரண்டு நாளில் எடுத்துக்கொள்கிறேன் என்று. மறுநாள் காலையில் போலீஸ் ஹவல்தார் வந்துவிட்டான். இந்தியில் கேட்டான். இவருக்கு இந்தி அரைகுறை, எனக்குக் கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது. முப்பிடாதிதான் எப்போதும் எங்களுக்கு இந்தி. ட்யூப் எங்கே என்று கேட்டதும், வீட்டுக்கு வந்த ஆளுக்குப் பதில் சொல்கிற பெருமையில், பரணைக் காட்டி "ஊபர் ஹை" என்று சிரித்தாள்.

இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சந்தே வேடிக்கை பார்த்தது. கையில் அகப்பை இருந்தது. அந்த அகப்பையால் பிள்ளை வாயில் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "இனி வாயைத் தொறந்த, ஒங்கப்பா திரும்பி வரவே மாட்டாரு. பாத்துக்க" என்றேன்.

மூன்றாம் நாள் இவர் திரும்பி வந்தார். வேலை போச்சு, அபராதம், அடி வாங்கின முதுகு. அந்தக் களேபரத்தில் பிள்ளையிடம், இனிப் பேசலாம் என்று நான் சொல்லவே இல்லை. மறந்துபோனேன். அகப்பையால் அடித்ததைக்கூட மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை.

இதை சாரிடம் எப்படிச் சொல்வது? சாராயம் என்று சொன்னால் மறுபடி போலீஸ் வருமோ? எழுதிக்கொள்கிற மனுஷன்.

மார்ச் 6, செவ்வாய்

இன்னும் எட்டு நாள். தாள் அரிசிப் பானைக்குக் கீழே இருக்கிறது.

எதிர் வீட்டில் பெருநாளுக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 8, வியாழன்

போனேன். அவள் வாசப்படியை இதுவரை மிதித்ததில்லை, இன்றைக்கு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். பூனா விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதற்குள் அவள் கையிலிருந்த சட்டை நழுவிவிட்டது.

"அக்கா, அன்னைக்கு நான் முழுசாச் சொல்றதுக்குள்ள கையைக் காட்டி நிறுத்திட்டிய."

"இப்பச் சொல்லு."

"அம்மாட்டச் சொல்லிராதீங்க சாச்சி, நான் பேசினேன்னு தெரிஞ்சா அப்பாவை மறுபடி புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு சொல்லிச்சு. உங்களை ஒளிச்சு இல்லக்கா. அப்பாவைக் காப்பாத்த."

ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் அவளைக் கையைக் காட்டி நிறுத்தாமல் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். என் பொறாமை அரை நிமிஷம் பொறுக்கவில்லை.

நூர் நிஷா அழுதாள். அழும்போதும் அழகாகத்தான் அழுகிறாள். அதைக்கூட அந்த நேரத்தில் கவனித்தேன், அப்படிப்பட்டவள் நான். "புதன்கிழமை செம்பூருக்கு வருவியா?" என்று கேட்டேன். "அவுக கிட்டச் சொல்லிட்டு வாரேங்கக்கா" என்றாள். ஒரு நாள் வேலை கெடுமே என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து முப்பிடாதியை எதிரே உட்கார வைத்தேன். "நீ பேசலாம்ட்டி. அப்பாவை யாரும் புடிக்க மாட்டாங்க. அம்மா சொன்னது தப்பு. அடிச்சதும் தப்பு" என்றேன். இவரையும் சொல்ல வைத்தேன். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஒரே வார்த்தையில் பூட்டினதை ஒரே வார்த்தையில் திறந்துவிடலாம் என்று நினைத்தேன் போல.

மார்ச் 14, புதன்

மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் பிள்ளை நடுவில் உட்கார்ந்தாள். சாய்ந்தது அந்தப் பக்கம்.

நூர் நிஷாவையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார் சார். நான் பெஞ்சில். முதலில் நூர் நிஷா குரல். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு, "இது யாரு வீடு? இதுல பரண் இருக்கா?" பலகைச் சுவர் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. முக்கால் மணி நேரம். பக்கத்தில் இருந்த சிந்திக்காரி என் முகத்தைப் பார்த்துப் பயந்து மகனை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தாள்.

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நூர் நிஷா விஷயத்தில் ஐந்து வாரமாகப் பொய் சொன்னதை, ட்யூப்பை, அகப்பையை. கோபப்படுவார் என்று பார்த்தேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "இந்த ட்யூப் கதையை நான் எழுதலை" என்றார். "ஆனா நீங்க பொய் சொன்னதுனால அந்தக் குழந்தை பூனா போக இருந்தாள். அது ஞாபகம் இருக்கட்டும்."

பூனா தாளை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்து அவர் சொன்னதுதான் கஷ்டம். "நூர் நிஷா உள்ள இருப்பா. நீங்க அடுத்த வாரம் வாசப்படி. அப்பறம் உள்ள நாற்காலி, ஆனா முதுகைக் காட்டிண்டு. ஒவ்வொரு வாரமும் ரெண்டடி கிட்ட. நீங்க ஒண்ணும் பேசப்படாது. குழந்தை சிரிச்சாலும் திரும்பப்படாது."

"எத்தனை வாரம் சார்?"

"அவளைக் கேளுங்கோ" என்றார். அவளையா நான் கேட்க முடியும்!

மார்ச் 21, புதன்

வாசப்படி. என் நிழல் உள்ளே விழுந்ததும் பிள்ளை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். மறுபடி பேசினாள்.

ஏப்ரல் 4, புதன்

உள்ளே. சுவரைப் பார்த்த நாற்காலி. சுவரில் ஒரு விரிசல், எனக்கு இப்போது மனப்பாடம். முதுகுக்குப் பின்னால் நூர் நிஷாவின் காதில் குசுகுசு. வெளியே வந்ததும் நூர் நிஷா என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்: பொம்மைக்குக் காய்ச்சல் என்றதாம், அதற்கு மாத்திரை கொடுத்ததாம். கேட்கக் கேட்க ஆசையாகவும் இருக்கிறது, அவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்றும் இருக்கிறது.

ஏப்ரல் 14, சனி

வருஷப் பிறப்பு. காலையில் இவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது முப்பிடாதி அவர் வேட்டியைப் பிடித்து, "அப்பா, பொத்தான் விட்டுப்போச்சு" என்றாள்.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், ஆனால் என் அழுகை வேறு. அடுத்தது இவரா? பொத்தான் தைக்கிறவளிடம் பேசினாள், சரி. பொத்தான் போடுகிறவரிடமும் பேசியாச்சு. பாக்கி நான் ஒருத்தி.

ஏப்ரல் 25, புதன்

முப்பிடாதி சிந்திக்காரியின் மகனிடம் இந்தியில் ஏதோ கேட்டாளாம். அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாளாம். சிந்திக்காரி சந்தோஷமாகச் சொல்கிறாள். முழுச் செம்பூரிடமும் பேசிவிட்டு வரட்டும்.

மே 9, புதன்

நாற்காலியைத் திருப்பிப் போட்டாச்சு. முகம் பார்க்கலாம். நான் இருக்கும்போதே நூர் நிஷாவிடம் உரக்கப் பேசினாள். நடுவில் என்னைப் பார்த்தாள். நான் சார் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல்.

சார் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார். பெரிய டீச்சர் படித்துவிட்டு, ஜூன் மாதம் சேர்த்துக்கொள்கிறேன், பேச வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன் என்றார். திரும்பி வந்து முதலில் நூர் நிஷாவிடம்தான் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மே 23, புதன்

கை எட்டும் தூரம். என் முழங்காலில் ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போனாள். பேச்சு இல்லை.

ஜூன் 6, புதன்

நேற்றே மழை பிடித்துவிட்டது. நூர் நிஷாவுக்குக் கண்வலி, இரண்டு கண்ணும் கோவைப்பழம். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கக்கா, என்னால கண்ணைத் தொறக்க முடியல" என்றாள். அய்யோ பாவம் என்று சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நானும் பிள்ளையும் மட்டும். அவள் உட்காருகிற இடத்தில் நான் உட்காருவேன். நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

சயான் ஸ்டாப்பில் பஸ் வந்தது. நான் ஏறிக் கையை நீட்டினேன். முப்பிடாதி ஏறவில்லை. கண்டக்டர் "சலோ சலோ" என்று கத்துகிறான். பின்னால் இருந்தவர்கள் குடையால் இடிக்கிறார்கள். இறங்கி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சாச்சி வரலியா?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்து. ரோட்டில் அத்தனை பேர் நடுவில், உரக்க, கோபமாக.

இத்தனை நாளும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில், "சாச்சிக்குக் கண்ணு வலி" என்றேன்.

"யாரு மருந்து ஊத்துவா?"

"சிராஜ் மாமா சாயங்காலம் வந்து ஊத்துவாங்க."

"அதுவரைக்கும்?"

பஸ் போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்து வந்த வழியே திருப்பினாள். "வீட்டுக்குப் போவோம், அம்மா. வா."

வழியெல்லாம் பேசினாள். கண்ணு வலி ஒட்டிக்கிடுமா, சாச்சி சாப்பிட்டாளா, கண்ணு தெரியாமப் போயிருமா, அப்புறம் ஊசியில யாரு நூல் கோப்பா. எல்லாம் சாச்சி, சாச்சி, சாச்சி. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கேள்வி நின்றுவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, தெரியாததற்கும் பதில் சொன்னேன். நல்ல சேலை முழுக்கச் சேறு.

நூர் நிஷா வீட்டு வாசலில் என் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் மழையில் நின்றேன். ஏழு மாதம் ஆகப்போகிறது. என்னிடம் பேசின முதல் பேச்சு இவளைப் பற்றி. எரியாமல் இருக்குமா? எரிந்தது.

உள்ளேயிருந்து பிள்ளை, "அம்மா, சாச்சிக்குக் கண்ணு கழுவணும், கொஞ்சம் வெந்நி போடு" என்றாள்.

ஓடிப்போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன்.